அண்ணா போட்டுத் தந்த கணக்கு

சாருஜா சத்தம் போட்டு நான் அதுவரை கேட்டதே இல்லை. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை செய்கிறோம். பக்கவாதம் வந்தவர்கள் சில நேரம் வேதனையில் கையை ஓங்குவார்கள். அப்போதும் அவள் குரல் உயராது. "சரி ஐயா, இன்னொருக்கா பாப்பம்" என்பாள், அவ்வளவுதான்.

அன்று காலை நான் உடை மாற்றும் அறைக் கதவைத் திறந்தபோது, அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

"அது என்ர உடம்பு, அண்ணா! உங்களை ஆர் பாக்கச் சொன்னது?"

நான் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றேன். வேறு யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது.

விஷயம் இதுதான். சாருஜாவின் மார்பில் ஒரு கட்டி இருந்தது. அதை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. காயம் சிவக்கிறதா என்று தினமும் பார்க்கும்படி டொக்டர் சொல்லியிருந்தார். குண்டசாலையில் அவள் வாடகைக்கு இருக்கும் மேல்மாடி அறையில் கைக்கண்ணாடி ஒன்றுதான் உண்டு. அதில் சரியாகத் தெரியாததால் போனில் படம் எடுத்துப் பார்த்தாள். கட்டியைப் பற்றி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு முடிவு வந்த பிறகு தானே சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

ஆனால் படங்கள் அவள் போனில் மட்டும் தங்கவில்லை. கண்டிக்கு நியமனம் கிடைத்தபோது அந்தப் போனை வாங்கிக் கொடுத்தவர் அண்ணன் சுஜந்தன். அப்பா இறந்த பிறகு வீட்டைத் தாங்கியவர் அவர்தான். கடையில் நின்றபடியே போனுக்கு ஒரு கணக்கும் திறந்து கொடுத்தார். "பாஸ்வேர்ட் உனக்கு மறந்துபோகும், நான் வச்சிருக்கிறன்" என்றாராம். அதே கணக்குத்தான் அவர் வீட்டு டப்லெட்டிலும் இருந்தது. இங்கே எடுத்த படம் அங்கே தானாகப் போய் நிற்கும் என்று சாருஜாவுக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளையின் பிறந்தநாள் படம் ஒன்றைத் தேடப்போய், சுஜந்தனின் மனைவி லதுஷா அந்தக் காயப் படத்தைப் பார்த்துவிட்டாள். பயந்துபோய் கணவனிடம் காட்டினாள். அவர் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே அம்மாவிடம் போய்ச் சொன்னார்.

சாருஜா போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள்.

"நீ ஒளிச்சா நான் என்ன செய்யிறது?" அண்ணனின் குரலிலும் கோபம். "உன்ர நன்மைக்குத்தானே! சேந்தனுக்கும் அனுப்பிக் கேட்டனான். பயப்பிடத் தேவையில்லை எண்டவன்."

"என்னத்தை அனுப்பினீங்கள்?"

"அந்தப் படத்தைத்தான். அவன் டொக்டர்தானே."

அவள் மெதுவாக விரலை நீட்டி அழைப்பைத் துண்டித்தாள்.

"ஜெஸ்மின், சேந்தன் அண்ணான்ர சிநேகிதன்," என்றாள் என் பக்கம் திரும்பி. "அண்ணான்ர கலியாணத்தில எனக்குப் பக்கத்துக் கதிரையில இருந்து சாப்பிட்டவர்."

அம்மாவிடம் இந்தச் செய்தியை எந்தச் சொல்லில் சொல்வது என்று இவள் பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்கி, தன் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டார் அந்த மனிதர். அதற்கு அன்பு என்று பெயர் வேறு.

அதன்பிறகு அவளுக்குப் பழையவை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எங்கள் ஊரான தெல்தோட்டையின் கோயில் திருவிழாவுக்கு அவளை ஒருமுறை கூட்டிப் போயிருந்தேன். அன்று பின்னேரம் அண்ணன் போன் எடுத்து, "தெல்தோட்டையில மழையோ?" என்று கேட்டாராம். தானே எப்போதோ சொல்லியிருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். இப்போது போனைத் திறந்து பார்த்தோம். அவள் எங்கே நிற்கிறாள் என்று அண்ணனுக்குக் காட்டும் வசதி, போன் வாங்கிய நாளிலிருந்தே அணையாமல் கிடந்தது.

"நான் என்ன களவெடுத்தனானோ?" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அந்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் கன்டீன் மூலையில் இந்த வேலைதான். முதலில் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றப் பார்த்தோம். உறுதிப்படுத்தும் இலக்கம் அண்ணனின் போனுக்குப் போனது.

"என்ர படத்துக்கு நான் அவரிட்ட அனுமதி கேக்கோணுமோ?"

"கேக்க வேணாம்," என்றேன். "அந்தக் கணக்கே நமக்கு வேணாம் சாருஜா. நீங்க புதுசா ஒண்ணு தொறங்க."

தன் சொந்த இலக்கத்தில் புதிய கணக்கு திறந்தாள். பாஸ்வேர்டைத் தட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேறு யாராவது அதைக் கண்டுபிடித்தாலும் உள்ளே வர முடியாதபடி, தன் போனிலும் உறுதிசெய்யும் முறையைப் போட்டாள். வேண்டிய படங்களைப் புதிய கணக்குக்கு மாற்றினாள். பழையதில் இருந்தவற்றை அழித்தாள். அழித்தவை போய்க் கிடக்கும் குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். அதைச் செய்யாவிட்டால் அழித்ததற்கு அர்த்தமே இல்லை. பிறகுதான் இடம் காட்டும் வசதியை அணைத்து, பழைய கணக்கைப் போனிலிருந்து நீக்கினாள். வங்கிக்குக் கொடுத்திருந்த மின்னஞ்சலை மாற்றினாள். வட்ஸ்அப் வேறு கருவி எதிலும் திறந்து கிடக்கிறதா என்று பார்த்து, அதற்கும் ஓர் இரகசிய இலக்கம் வைத்தாள். போன் பூட்டு அவள் பிறந்த திகதியாக இருந்தது. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த திகதி. அதுவும் போனது.

சேந்தனை அவளே அழைத்தாள்.

"அப்பவே அழிச்சிட்டன் தங்கச்சி," என்றார் அவர்.

"நான் எப்பிடி நம்பிறது?"

எத்தனை பூட்டுப் போட்டாலும், கைமாறிப்போன அந்த ஒரு படத்தைத் திருப்பி வாங்க வழியில்லை. அதைச் சொல்லித்தான் அவள் அன்று அழுதாள். சோதனை முடிவை நினைத்துக்கூட அவள் அழவில்லை.

முடிவு நல்லதாகவே வந்தது. சாதாரணக் கட்டிதான். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே அம்மாவை அழைத்தாள். "முதல்ல உங்களுக்குத்தான் அம்மா சொல்லுறன். நான் சொல்லும் வரைக்கும் வேற ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

அடுத்த ஞாயிறு அண்ணன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு குண்டசாலைக்கு வந்தார். "நீரும் வாரும், தனிய எண்டா நான் அழுதிடுவன்" என்று சாருஜா கேட்டதால் பூசை முடிந்து நானும் போயிருந்தேன். சுஜந்தன் வந்ததும் வராததுமாக ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். புதுப் போன்.

"பழசை விடு. இது நல்லது. எல்லாம் செற் பண்ணிக் கொண்டுவந்திருக்கிறன். பாஸ்வேர்ட் உனக்கு எழுதித் தாறன்."

சமாதானத்துக்கு வந்த மனிதர் என்ன கொண்டுவந்தார் பாருங்கள்!

சாருஜா எழுந்தாள். "அண்ணா, உங்களுக்கு இன்னும் விளங்கேல்லை. நீங்கள் கெட்டவர் எண்டு நான் சொல்லேல்லை. என்ர கதவைத் திறக்கிற திறப்பு உங்கட பொக்கெற்றில இருக்கக் கூடாது எண்டுதான் சொல்லுறன். இதைக் கொண்டு போங்கோ."

"நான் உனக்கு அப்பா மாதிரி."

"அப்பா எண்டால் கேட்டிருப்பார். கதவைத் தட்டாமல் அவர் ஒருநாளும் என்ர அறைக்குள்ள வந்ததில்லை."

சுஜந்தனின் முகம் கறுத்தது. கோபித்துக்கொண்டு கீழே இறங்கி, வந்த வான் வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இருவரும் இப்போது அம்மாவின் மருந்தைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

அன்று அவர் இறங்கிப் போனதும் அம்மா தன் கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"பிள்ளை, இதுவும் அவன்தான் போட்டுத் தந்தவன். உன்ர சித்தியோட கதைக்கிறதெல்லாம் அவனுக்குத் தெரியுமோ?"

"பாப்பம் அம்மா."

அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். கடைசியில் போனை அம்மாவின் மடியில் வைத்தாள். "இப்ப ஒரு இலக்கம் போடுங்கோ. உங்கட பிறந்த திகதி வேண்டாம். எனக்கும் காட்டாதேங்கோ."

சாருஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் திரும்பினேன். அம்மா ஒரு விரலால் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், "ஐயோ, என்ன போட்டனான் எண்டு மறந்துபோச்சு" என்றார்.

"பரவாயில்லை," என்றாள் சாருஜா, திரும்பாமலே. "திருப்பிப் போடுங்கோ."