கேள்விப் பெட்டிக்குள் போன கல்யாணச் சேலை

‘கேட்டவர் யார் என்று வெளியிடக் கூடாது.’ ஆரணியில் எங்கள் தேவாலயத்தில் வேதச் சந்தேகங்களை எழுதிப் போடும் கேள்விப் பெட்டிக்கு இதுவே முதல் விதி. எழுதிக் கொடுத்தவன், தாலுகா அலுவலகத் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்ற நான்தான்.

எழுபதுகளின் கடைசியில் என் மகள் தன் கல்யாணத்துக்குப் பட்டும் பருத்தியும் கலந்த சேலையை ஆசையாய்த் தேர்ந்தெடுத்தாள். இருவகை நூல் கலந்த உடை கூடாது என்கிறதே வேதம், இதற்கும் பொருந்துமா என்று பெயரில்லாமல் எழுதிப் போட்டேன்.

ஞாயிறு ஆராதனையில், சம்பந்தி வீட்டார் முன்னால், போதகர் அதைப் படித்துச் சிரித்தார். “நம்ம ஹெட்கிளார்க் ஐயா பொண்ணு சேலைக்கு வேதத்துல ரூல் தேடிகினு இருக்காரு!”

வாசலில் சம்பந்தியம்மா பிடித்துக்கொண்டார். “அசல் பட்டு எடுக்க மனசில்லன்னா சொல்லிடுங்க. வேதத்த ஏன் இழுக்கிறீங்க?”

அசல் பட்டே எடுத்தோம். மகள் தன் சேலையை மடித்து வைத்துவிட்டு என்னோடு பேசவில்லை.

போதகரிடம் விதியை நினைவூட்டினேன். “பேரா சொன்னேன்? உத்தியோகத்தத்தானேங்க சொன்னேன்! உங்க கையெழுத்து ஊருக்கே தெரியும். பதில எழுதி அனுப்புறேன்” என்றார்.

அன்றிலிருந்து என் சந்தேகங்களைத் தட்டச்சு செய்துதான் போடுகிறேன்.

‘அது இஸ்ரவேலருக்குச் சொன்னது, கலப்புச் சேலை தாராளமாய்க் கட்டலாம்’ என்ற அவர் பதில், மகள் கழுத்தில் தாலி ஏறிய மறுநாள் வந்து சேர்ந்தது.