ஈச்சம்பதிக்குப் போகும் தடம்

திருப்பூர் நல்லூரில் இருபது மெஷின் ஓடும் தையல் கம்பெனியை வள்ளியாத்தாள் தனியாளாக நடத்திவந்தார். கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். தை பிறந்தால், ஏற்றுமதியில் தள்ளுபடியான பனியன்களை ஆம்னி வேனில் அடைத்துக்கொண்டு, பிறந்த ஊரின் மலையடிவாரத்தில் உள்ள ஈச்சம்பதிக்குக் கிளம்பிவிடுவார். அது மலசர் பழங்குடிகளின் குடியிருப்பு; பதி என்பார்கள். ஒரு கை நீளமாக இருந்தால் என்ன, மலையில் யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்? திருப்பூர்க்காரர்களின் தர்மம் அப்படித்தான் இருந்தது.

2006 தையில் ரங்காத்தாள் அந்த மூட்டையைத் தொடவில்லை. பதியில் அவளுக்கு நல்ல பேர், வள்ளியாத்தாளைவிட ஓரிரு வயது இளையவள்.

"துணி போதுங்க அம்மணி. முடிஞ்சா எங்க தடத்த உடுங்க."

"எந்தத் தடத்தச் சொல்ற?"

"உங்க தோப்புக்குள்ள இருந்த தடமுங்க. அதுக்கு அந்தப்பக்கந்தான் எங்க சனத்தப் பொதைக்கற எடம். உங்கய்யன் கம்பி வேலி போட்டதுலருந்து, பொணத்தத் தூக்கீட்டு ஓடைக்குள்ள எறங்கிச் சுத்தித்தான் போறமுங்க. எங்கம்மா படுத்த படுக்கையாக் கெடக்கறா. எங்கய்யனக் கொண்டுபோன தடத்துலயே தன்னையும் கொண்டுபோகோணும்ங்கறா."

வள்ளியாத்தாளுக்குச் சுருக்கென்றது. வேலி போட்ட அன்று ஆட்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்ததே அவர்தான். அப்போது பதினாறு வயது. கம்பிக்கு வெளியே ஒரு பெண் வெகுநேரம் நின்றதைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கத் தோன்றவில்லை. முப்பது வருஷம் கழித்து அந்த வெட்கம் வந்து சேர்ந்தது.

தோப்பு அவருக்கும் தம்பி ஈஸ்வரமூர்த்திக்கும் பொது. தம்பி பிடி கொடுக்கவில்லை.

"ஏனுங்க்கா, இன்னைக்குத் தடம் கேப்பாங்க, நாளைக்குத் தோப்பையே கேப்பாங்க."

"நம்ம அப்பாரு வந்து காட்ட வெட்டறதுக்கு முன்னாடி இது யாரு காடு தம்பி? அவிங்க கேக்கறது நடக்கறதுக்கு எடம்."

பேசிப் பேசி வைகாசி வந்துவிட்டது. ரங்காத்தாளின் தாய்க்கிழவிக்குக் கஞ்சி இறங்குவதே பாடாயிருந்தது. இனி காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று வள்ளியாத்தாள் பாகம் பிரிக்கச் சொன்னார். கிணறும் காய்ப்பில் இருந்த தென்னைகளும் தனக்கு வேண்டும் என்றார் தம்பி. எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டு, தடம் ஓடிய மேற்கோரத்துக் கல்லாங்காட்டை மட்டும் வள்ளியாத்தாள் வாங்கிக்கொண்டார். சொந்தபந்தம் வாய்விட்டுச் சிரித்தது. அவர் வாழ்நாளில் செய்த நல்ல பேரம் அதுதான் என்று சிரித்தவர்களுக்கு எப்படித் தெரியும்? தம்பி அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அது மட்டும் வள்ளியாத்தாளுக்கு வலித்தது.

வேலியைப் பிடுங்கிய கையோடு ரங்காத்தாளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனார்.

"நீங்க சொன்னாப் போதாதுங்களா அம்மணி?"

"எஞ்சொல்லு என்னோட போயிருமுங்க. நாளைக்கு எம்புள்ளைக மறுபடி வேலி போட்டா என்ன பண்ணுவீங்க? பதிக்காரங்க பேருக்கு எழுதியே வெச்சுக்குங்க."

ஐப்பசி அடைமழையில் கிழவி போய்ச் சேர்ந்தாள். ஓடையில் இடுப்பளவு வெள்ளம். பழையபடி சுற்றிப்போக வேண்டியிருந்தால் இரண்டு நாள் காத்திருந்திருப்பார்கள். சேதி வந்ததும் வள்ளியாத்தாள் கம்பெனியைப் பூட்டினார். அன்று அனுப்பவேண்டிய சரக்கு அப்படியே கிடந்தது. வழியில் ஜவுளிக்கடையில் ஒரு நூல் பிசகாத புதுச்சேலையாகப் பார்த்து எடுத்தார். கொங்கில் இறந்தவர்மேல் கோடித்துணி போர்த்துவது உறவுக்காரர்கள்தான். அந்த உரிமை தனக்கு உண்டா என்று வேன் போய்ச் சேரும்வரை அவருக்கு உறுதியில்லை.

வேலிக்கால் இருந்த இடத்தில் மழையில் நின்றார். பாடை தடத்தின் வழியாக வந்தது. ரங்காத்தாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கோடி போடலாமுங்களா?" வள்ளியாத்தாள் சேலையை நீட்டினார்.

ரங்காத்தாள் சேலையை வாங்கி உதறி விரித்தாள். ஒரு முனையை அவரிடமே நீட்டினாள்.

"அந்தப்பக்கம் நீங்க புடிங்க அக்கா."