பழைய பிரிண்டரோடு போன பெயர்கள்

கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்தபோது நான் கொண்டுவந்த சொத்து தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் சர்ட்டிஃபிகேட் ஒன்றுதான். நகையைப் பற்றி மாமியார் வீட்டில் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் சில வருஷம் வேலை பார்த்தேன். அவர் ஆபீஸை மூடியபோது அங்கிருந்த கம்ப்யூட்டரையும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் எனக்கே கொடுத்துவிட்டார். அப்படித்தான் எங்கள் வீட்டு முன்னறையில் மனு அடிக்கிற வேலை ஆரம்பித்தது.

அந்த பிரிண்டர் அடிக்கிற சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்கும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் எந்த இரும்பும் நிற்காது. எவ்வளவு துணி போட்டு மூடினாலும் துரு ஏறிவிடும். 2005இல் அதன் ஹெட்டில் எழுத்தைக் குத்துகிற ஊசிகளில் இரண்டு போய்விட்டன. ஒவ்வொரு வரியின் நடுவிலும் வெள்ளையாக ஒரு கீறல் விழும். ஆனால் படிக்க முடியும். யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை.

தமிழ் அடிக்கிற சாஃப்ட்வேருக்கு ஒரு லாக் உண்டு. தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் கட்டி. அதைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகி, அதன்மேல்தான் பிரிண்டர் கேபிளைச் செருக வேண்டும். அது இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் திறக்காது, அதில் அடித்த எதையும் பார்க்க முடியாது. வீட்டைப் பெருக்கும்போது தட்டிவிடப் போகிறாரே என்று என் வீட்டுக்காரரிடம் ஒருநாள் அதைக் காட்டி, "இதை மட்டும் தொட்டுடாதீங்க, இதுதான் எல்லாம்" என்று சொல்லியிருந்தேன்.

அவர் ஒரு உப்பள முதலாளியிடம் சூப்பர்வைசர். அதே அளத்தில் வேலை பார்த்த ஒரு பெண்தான் அந்த வருஷம் முதன்முதலில் என்னிடம் வந்தாள். என் வயதுதான் இருக்கும். புருஷன் இல்லை. உப்புத்தண்ணீரில் நின்று நின்று கால்விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். அரசாங்கத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயரைச் சேர்த்தால் அட்டை தருவார்களாம், மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது ஏதாவது உதவி கேட்கலாமாம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே மனுவாக அடித்துத் தருவீர்களா என்று கேட்டாள். சரி என்றேன்.

அளத்தில் விடியுமுன் இறங்கி வெயில் ஏறும்போது கரையேறுவார்கள். குளித்துச் சாப்பிட்டு, மதியத்தில் இரண்டிரண்டு பேராக என் வீட்டுக்கு வந்தார்கள். பெயர், வயது, எத்தனை வருஷமாக வேலை, எந்த அளம், உடம்பில் என்ன கோளாறு என்று அவர்கள் சொல்லச் சொல்ல நேராகக் கம்ப்யூட்டரிலேயே அடித்தேன். நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை. ஒருத்தி தன் வயதே தெரியாது என்றாள். அவள் மூத்த பிள்ளையின் வயதை வைத்துக் கணக்குப் போட்டோம். நாற்பத்தோரு பேர் சேர்ந்தார்கள். எல்லாம் சரிபார்த்து மொத்தமாகப் பிரிண்ட் எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். ராத்திரி சாப்பாடு போடும்போது இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் நானே சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

மழைக்குக் கொஞ்சம் முன்னால், என் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். முன்னறையில் புது பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. வெள்ளை நிறம், கலர் அடிக்கும், ஸ்கேனும் செய்யும். முதலாளி வாங்கிக் கொடுத்தாராம். புதுச்சேரியிலிருந்து ஒரு ஆள் வந்து மாட்டிவிட்டு, புதுத் தமிழ் சாஃப்ட்வேரும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனானாம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அதன் மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

மறுநாள்தான் மனுவைத் திறந்தேன். பழைய சாஃப்ட்வேர் லாக்கைக் கேட்டது. பின்னால் கைவிட்டுத் துழாவினேன், இல்லை. புது சாஃப்ட்வேரில் அதே ஃபைலைத் திறந்தால் கொம்பும் கோடும் கேள்விக்குறியுமாக வந்தது. ஃப்ளாப்பியில் வைத்திருந்த நகலும் அப்படியே. நாற்பத்தோரு பேரில் ஒருத்தியின் பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். வந்த ஆள் பழசோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்றார். பஸ் ஏறிப் புதுச்சேரி போனேன். அந்த ஆளைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. நல்ல மனிதன், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். பழைய பிரிண்டரைக் காயலான் கடையில் போட்டுவிட்டதாகச் சொன்னான். லாக்கைப் பற்றிக் கேட்டதும் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"அது சாஃப்ட்வேர் லாக்கு சார், வேணும், இருக்கட்டும்னு சொன்னேங்க. உங்க வீட்டு சார்தான் கழட்டிக் குடுன்னு கையில வாங்கிக்கினாரு."

அந்தக் கம்பெனி அந்தப் பழைய சாஃப்ட்வேரை எப்போதோ நிறுத்திவிட்டது, வேறு லாக் கிடைக்காது என்றும் சொன்னான். திரும்பும்போது கடலோரமாகவே பஸ் வந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தும் எதையும் பார்த்த ஞாபகம் இல்லை.

வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். வாசலிலேயே கேட்டேன்.

"லாக்கு எங்கங்க?"

"தேடாத. வாய்க்கால்ல போட்டுட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான். அந்த லிஸ்ட் ஆபீஸுக்குப் போயி, அளத்துல கேள்வி வந்துச்சுன்னா முதலாளி என்னைத்தான் முதல்ல நிறுத்துவாரு. என் பொண்டாட்டி அடிச்ச மனுன்னு ஊருக்கே தெரியும். நீ சோறு துன்றது எதுல?"

கோபமாகச் சொல்லவில்லை. கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

நான் அந்தப் பெண்ணிடம் போய், பிரிண்டர் மாற்றியதில் எல்லாம் அழிந்துவிட்டது என்றேன். என் வீட்டுக்காரர் செய்தது என்று சொல்லவில்லை. இன்னொரு முறை எல்லாரையும் வரச் சொன்னால் கையால் எழுதியாவது தருகிறேன் என்றேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். இரண்டாம் முறை பதினேழு பேர்தான் வந்தார்கள். மற்றவர்களை அதற்குள் யாரோ வீடு வீடாகப் போய்ப் பார்த்திருந்தார்கள். வயது தெரியாது என்றவளும் வரவில்லை. பதினேழு பெயரை வெள்ளைத் தாளில் கையால் எழுதிக் கொடுத்தேன். அவர்களுக்கு அட்டை கிடைத்தது. அடுத்த சீசனில் அந்தப் பதினேழு பேரையும் எங்கள் முதலாளி அளத்தில் இறக்கவில்லை. வேலைக்கு யார் வரலாம் என்று பெயர் படித்தவர் என் வீட்டுக்காரர்.

2006இல் முதலாளி மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அழைப்பிதழைக் கலரில் அடித்துத் தரச் சொன்னார்கள். டைப்ரைட்டர் முறையில் பழகிய விரல்களுக்குப் புது சாஃப்ட்வேரின் எழுத்து இடங்கள் பிடிபடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். ரோஜாப்பூ பார்டர் வைத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று முதலாளி வீட்டம்மா ஆள் அனுப்பிச் சொன்னார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்காரரைத் திட்டுவதற்கு எனக்கு இருந்த உரிமை அந்த ரோஜாப்பூவோடு போயிற்று என்றுதான் நினைக்கிறேன்.

அளத்துப் பெண்கள் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் மனு அடித்துத் தரும் டிடிபி கடை ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. ஒருநாள் காய் வாங்கப் போனபோது அந்தப் பெண் அங்கே ஏதோ தாளை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் நான் போக வழிவிட்டு ஒதுங்கினாள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டேன். கடைக்காரன் பக்கம் திரும்பித் தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள்.