சமையலறை முகட்டைப் பற்றி நான் சொல்லாதது

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோவில், இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தேன். இத்தாலியன் தெரிந்ததால் இரண்டு பக்கத்துக்கும் நானே பேசுவேன். இரண்டு பக்கமும் தரகு வாங்குவேன்.

அந்த நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு வீடு. சமையலறை முகட்டுப் பூச்சு மழையில் ஊறிவிட்டது, விழக்கூடும், திருத்தும்வரை அங்கே நிற்கவேண்டாம் என்று வீட்டுக்கார அம்மா, சின்யோரா, ஒளிக்காமல் சொன்னார். மன்னாரிலிருந்து வந்த மேரியும் கணவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னவாம் அண்ணை?"

உண்மையைச் சொன்னால் வீடு வேண்டாம் என்பார்கள், தரகு போய்விடும் என்று நினைத்தேன்.

"சமையலறையைத் துப்பரவா வைச்சிருக்கட்டாம்."

மேரி சிரித்தாள். "அதை எனக்கே சொல்லுறா? அவையின்ரை வீடுகளைத் துடைக்கிறதே நாங்கள்தானே!"

அவர்கள் குடிபோன மூன்றாம் கிழமை பூச்சு இடிந்து மேரியின் வலது தோளில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த சின்யோரா அழுதார். "நான் சொன்னேனே, நீ இவர்களிடம் சொல்லவில்லையா?" என்று இத்தாலியனில் என்னைக் கேட்டார்.

"சின்யோரா என்ன சொல்லுறா அண்ணை?" என்றாள் மேரி.

"கவலைப்படுறாவாம்."

மேரி இடது கையால் சின்யோராவின் கையைப் பிடித்தாள். "அழவேண்டாமெண்டு சொல்லுங்கோ அண்ணை. விழுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

அதை என்னால் இத்தாலியனில் சொல்ல முடியவில்லை.

தரகை அன்றோடு விட்டேன். மேரியின் வலது கை பிறகு தலைக்கு மேல் உயரவில்லை. மாதா கோயிலில் கண்டால் இப்போதும் "அண்ணை" என்று வந்து கதைப்பாள். நானும் கதைப்பேன். சின்யோரா முகட்டைப் பற்றி அன்று சொன்னதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.