'வரேன்' என்று சொல்லிவிட்டுப் போன குற்றம்

சங்கச் செயலாளர் வேலை என்பது, அடுத்தவன் வாங்கிய வசவுக்கு நாம் பதில் சொல்லித் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிற வேலை. பட்டுநூலுக்குச் சாயம் போட்டுக்கினு இருந்தவன் நான். மூன்று முதலாளிகள் வெளியே தள்ளியதில் சட்டம் கற்றேன். முன்கோபம் மட்டும் கூடப் பிறந்தது. நீங்களும் யாருக்காகவாவது மல்லுக்கு நின்று வீட்டில் திட்டு வாங்கியவர் என்றால், வாங்க, நாம் ஒரே ஜாதி.

பாதி பிரித்த புடவை

முனுசாமி, ராஜவீதிப் பட்டுக்கடை ஒன்றில் பதினாறு வருஷமாகப் புடவை பிரித்துக் காட்டுகிறவர். வரதர் கருட சேவை அன்று காலை, கல்யாண ஜவுளி எடுக்க வந்த கும்பலுக்கு முகூர்த்தப் புடவையைப் பாதி பிரித்திருக்கிறார். தெருக்கோடியில் பெருமாள் குடை தெரிந்தது. முதலாளியிடம் "வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடிவிட்டார்.

சேவித்துத் திரும்பினால் கடைப்படி ஏற விடவில்லை. 'தானே வேலையை விட்டு நின்றுவிட்டார்' என்று கையில் ஒரு கடிதம். அதோடு என்னிடம் வந்தார். "கல்யாணக்காரங்களை நடுவுல விட்டுட்டு ஓடலாமாய்யா?" என்று கத்தினேன். அவர் சொன்னது:

"அவங்களும் என் பின்னாலயே ஓடியாந்துட்டாங்கண்ணே. புடவையைப் புடிச்சிக்கினு நின்னது முதலாளி ஒருத்தர்தான்."

மோர் கொடுத்த பேரம்

நேரே கடைக்குப் போனேன். முதலாளி மோர் வரவழைத்தார். "நான் எங்கேய்யா நீக்கினேன்? அவனா போனான். வேணும்னா புது ஆளா வந்து சேரட்டும்" என்றார்.

புது ஆள்! பதினாறு வருஷ சர்வீஸை ஒரு டம்ளர் மோரில் கரைக்கப் பார்க்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பழைய ஆளா எடுக்கிறியா, கோர்ட்டுக்கு வர்றியா?" என்று மேடையைத் தட்டினேன். அவரும் எழுந்து நின்று கத்தினார். கணக்குப்பிள்ளை மெள்ள என் காதருகே வந்தார்:

"கொஞ்சம் மெதுவா பேசுங்கண்ணே. நீங்க வெலைதான் பேசறீங்கன்னு நெனைச்சி அங்க புடவை பாக்கறவங்களும் கத்த ஆரம்பிச்சிட்டாங்க."

மேஜை விரிப்பு

அடுத்தது லேபர் ஆபீசர் முன்னால் சமரசப் பேச்சு. முதலாளியும் நானும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். பயத்தில் முனுசாமிக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆபீசர் மேஜை விரிப்பை மெள்ள உருவி, நீவி, ஓரம் சேர்த்து, பார்டர் மேலே தெரிகிற மாதிரி மடித்து வைத்துவிட்டார். முதலாளி அதைத் திருப்பிப் பார்த்து, "மடிப்பு சரியாத்தான் இருக்குது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஆனாலும் இறங்கி வரவில்லை. ஆபீசர் ஃபைலை மூடியபடி சொன்னார்:

"வேலையை விட்டுட்டார்னு சொல்றீங்க, அவர் கை இன்னும் விடலையேய்யா!"

கூண்டில் முதலாளி

கடைசியில் மதராஸ் லேபர் கோர்ட். கத்தக் கூடாது என்று வரதர்மேல் சத்தியம் செய்துகொண்டு போனேன். கூண்டில் முதலாளி. சங்கத்தின் சார்பில் நானே கேள்வி கேட்டேன்:

"முனுசாமி கடையை விட்டு இறங்கறப்ப என்ன சொன்னாரு?"

"வரேன்னு சொன்னான்."

"தினம் கடையைக் கட்டிட்டு வீட்டுக்குப் போறப்ப நீங்க என்ன சொல்வீங்க?"

"வரேன்னுதான்."

"அப்போ தினம் நீங்களும் கடையை விட்டு நின்னுடறீங்களா?"

ஜட்ஜே சிரித்துவிட்டார். முதலாளி பக்கத்து வக்கீல் மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். சில வாரத்தில் தீர்ப்பு வந்தது: பதினாறு வருஷ சர்வீஸ் ஒரு நாள்கூட அறாமல் முனுசாமிக்கு மறுபடி வேலை. அவர் கோர்ட் வாசலிலேயே வரதர் இருக்கிற திசை எது என்று விசாரித்து விழுந்து கும்பிட்டார்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. முதலாளியைத் தனியே பிடித்து, "'போறேன்'னு சொன்னான்னு நீங்க ஒரு வார்த்தை மாத்தியிருந்தா நான் தோத்திருப்பேனே?" என்றேன். மனுஷன் முறைத்தார்:

"பெருமாளைச் சேவிக்கப் போனவன்மேல எப்படிய்யா பொய் சொல்றது? புடவையைப் புடிச்சிக்கினு நிக்க வெச்சிட்டான், சேவை எனக்குப் போச்சேன்னுதான்யா எனக்குக் கோவமே!"

அன்று முதல் எந்த முதலாளியிடம் பேசி முடித்து எழுந்தாலும் நானும் "வரேன்" என்றுதான் சொல்கிறேன். கேட்கிறவர்கள்தான் 'மறுபடியுமா?' என்று வாசல்வரை ஓடி வருகிறார்கள்.