சித்தி வீட்டு முகவரியில் ஒரு விண்ணப்பம்

ஆறு சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். நான்கு பேர் பதிலே எழுதவில்லை. ஒருவர் இடமில்லை என்று இரண்டே வரியில் முடித்துக்கொண்டார். ஆறாவது நிறுவனம் மட்டும் நேரில் கூப்பிட்டது. அங்கே இருந்த மனிதர் என் மதிப்பெண்களைப் பார்க்கவில்லை. முகவரியைத்தான் பார்த்தார். "புக்கிட் ரோத்தானா? கோலசிலாங்கூர் பக்கமாச்சே. எட்டரைக்குக் கோர்ட்ல நிக்கணும், தினமும் அங்கிருந்தா வருவீங்க?" என்று கேட்டார். கோலாலம்பூரிலேயே அறை எடுத்துத் தங்கிக்கொள்வேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். நேர்காணல் அதோடு முடிந்தது என்று எனக்குத்தான் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது.

சட்டம் படித்துவிட்டால் உடனே வழக்கறிஞர் ஆகிவிட முடியாது. அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் பயிற்சியில் இருக்க வேண்டும். சேம்பரிங் என்போம். அது கிடைக்காவிட்டால் பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாது. என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கறுப்புக் கோட்டோடு படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் இதயம் அழுத்திவிட்டுக் கைப்பேசியைக் கட்டிலில் வீசுவேன். பொறாமைதான். வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.

தோழி ஒருத்தி போனில் சொன்னாள். "அட்ரஸ மாத்துலா. உன் சித்தி பிஜேலதானே இருக்காங்க? அத போடு. யாரு வந்து கதவத் தட்டப் போறா?"

பழியை அவள் மேல் போட மாட்டேன். அவள் சொல்வதற்கு முன்பே எனக்கு அந்த எண்ணம் வந்துவிட்டது. எங்கள் வீடு செம்பனைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. அந்த நிலத்தையும் தோட்டக் கம்பெனி விற்றுவிட்டது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி முப்பத்திரண்டு குடும்பங்களுக்கும் கம்பெனியின் கடிதம் வந்திருந்தது. மாற்று வீடு தருகிறோம் என்று கம்பெனி முன்பு சொன்ன வார்த்தை என்னவாயிற்று என்று எங்கள் ஆட்கள் கமிட்டி போட்டு, ஒரு வழக்கறிஞரையும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற என் அப்பா அந்தக் கமிட்டியில் ஒருவர். இதையெல்லாம் ஒரு விண்ணப்பத்தில் எதற்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஏழாவது விண்ணப்பத்தில் சித்தியின் பெட்டாலிங் ஜெயா முகவரியை எழுதினேன். சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நிறுவனம் நில வழக்குகளுக்குப் பெயர் போனது. கூடவே ஒரு ஃபாரம் அனுப்பியிருந்தார்கள். நாங்கள் நடத்தும் வழக்கு எதிலாவது உங்களுக்கோ குடும்பத்தினருக்கோ சம்பந்தம் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. எங்களுக்கு வந்த கடிதம் கம்பெனியின் சொந்தத் தாளில் வந்தது, அவர்களுக்குப் பின்னால் எந்த வழக்கறிஞர் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் 'இல்லை' என்று எழுதினேன். அந்த ஃபாரத்தில் நல்ல மனதோடு எழுதிய ஒரே தவறு அதுதான்.

மூன்றே நாளில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். முகவரி வேலை செய்துவிட்டது என்று துள்ளினேன். இரண்டு வாரம் பைத்தியம் மாதிரி தயாரானேன். பங்குதாரர்கள் எழுதிய கட்டுரைகளை மனப்பாடம் செய்தேன். கேட்கக்கூடிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, ஆங்கிலக் கேள்விகளைத் தமிழ் எழுத்திலும் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "வை ஷுட் வீ டேக் யூ?" என்று பசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன் விற்பவர் குரலில் கேட்பார். நான் கடகடவென்று ஒப்பிப்பேன். ஒரு வார்த்தை புரியாமலே அம்மா ஒருநாள் சொன்னார்: "கொஞ்சம் மெதுவா சொல்லும்மா. இவ்ளோ வேகமா சொன்னா பொய் சொல்றாப்ல இருக்கு."

நேர்காணல் அன்று அப்பா லீவு போட்டுக் காரில் கூட்டிப்போனார். வழியெல்லாம் ஜேம். நான் வாய்க்குள் பதில்களை முணுமுணுத்தபடியே இருந்தேன். "தெரிஞ்சதச் சொல்லு, தெரியாதத தெரியாதுன்னு சொல்லிரு," என்றார். அவருக்கு எல்லாம் அவ்வளவு சுலபம். எதிர்க்கடையில் தே தாரே குடித்துக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் வா என்று இறக்கிவிட்டார்.

என்னைப் பார்த்தது ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் வழக்கறிஞர். தமிழர்தான் என்று முகத்தில் தெரிந்தது, ஆனால் ஆங்கிலத்தைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. முதலில் எழுத்துத் தேர்வு என்றார். ஒன்பது பக்கம் கொண்ட ஒரு கட்டைக் கொடுத்தார். ஒரு தோட்ட நிறுவனத்துக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் தகராறு. பெயர்களைக் கறுப்பு மையால் அடித்திருக்கிறோம். நிறுவனத்தின் வழக்கறிஞராக இருந்து, குடியிருப்பவர்களுக்கு வலுவான ஒரு பதில் கடிதம் எழுது. ஒரு மணி நேரம். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதல் இரண்டு பக்கம் எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும். மூன்றாவது பக்கத்தில் ஒரு விவரம் இருந்தது: முப்பத்திரண்டு வீடுகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய ஆயாக் கொட்டகையை ஒட்டி அம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னால் வாய்க்கால். பெயரை அடித்தவர்கள் அம்மனை அடிக்க மறந்துவிட்டார்கள். எங்கள் தோட்டமேதான். மேலே நிமிர்ந்து பார்த்தேன். அறையில் யாரும் இல்லை, குளிர்சாதனம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இங்கே எழுதினால் அது இன்னொரு பொய். சொன்னால் முகவரி வெளியே வரும், முகவரி வந்தால் எட்டாவது நிறுவனத்தைத் தேட வேண்டும் என்றுதான் யோசித்தேன். இது தேர்வுதானே, நிஜக் கடிதம் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

அப்புறம் எழுதினேன் பாருங்கள், அப்படி ஒரு எழுத்து! ஒவ்வொரு வாதத்தையும் என் ஆட்கள் வாயிலிருந்தே கேட்டவள் இல்லையா, ஒவ்வொன்றுக்கும் எதிர்வாதம் தானாக வந்தது. மாற்று வீடு தருகிறேன் என்றது வாய்வார்த்தை, எழுத்தில் இல்லை. குடியிருக்கும் உரிமை வேலையோடு வந்தது, வேலையோடு போகிறது. ஆறாவது பக்கத்தில், அனுமதியில்லாமல் வீட்டை மாற்றிக் கட்டக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். 'குடியிருப்பவர்கள் வீட்டுக்குப் பின்னால் பலகையும் தகரமும் அடித்து அறைகள் கட்டி இந்த நிபந்தனையை மீறியிருக்கிறார்கள்' என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போட்டேன். நல்ல வரி என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தே படித்தார். முதல் பக்கம் முடிந்தபோது புருவம் உயர்ந்தது. பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தில் நிறுத்தினார். என் பக்கம் தாளைத் திருப்பி, கோடு போட்ட வரியில் விரலை வைத்தார்.

"இந்தத் தகவல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" ஆங்கிலத்தில்தான் கேட்டார்.

நான் கட்டைப் புரட்டினேன். ஆறாவது பக்கம், ஏழாவது பக்கம், மறுபடி நான்காவது பக்கம். நிபந்தனை இருந்தது. பலகை இல்லை, தகரம் இல்லை, அறை இல்லை. அது அந்தக் கட்டில் எங்கேயுமே இல்லை. அது எங்கள் வீட்டில் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு முன் நான் ஆறாம் படிவம் போன வருஷம், எனக்குப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒண்டியாக அடித்த அறை அது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் எங்கள் வீட்டையும் சேர்த்து எதிராளி கையில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அவர் காத்திருந்தார். நான் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் தமிழில் கேட்டார்: "உங்க வீடாம்மா?"

"ஆமா, மேடம்."

"ஆனா அட்ரஸ் பெட்டாலிங் ஜெயான்னு இருக்கே?"

"சித்தி வீடு."

"எந்தப் பக்கத்துல தெரிஞ்சுச்சு?"

"மூணாவது பக்கத்துல."

"மொத்தம் எத்தன பக்கம்?"

"ஒம்பது."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. குறுக்கு விசாரணை என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்திருந்தேன், அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று தெரியாது. அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் அழுகை வந்துவிட்டது.

அவர் தண்ணீரை என் பக்கம் தள்ளினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நிஜக் கேஸைத் தேர்வுக்குக் கொடுத்தது எங்க தப்பு. பெயரை அடிச்சா போதும்னு நினைச்சோம். சரியான அட்ரஸ் இருந்திருந்தா உங்களுக்கு இந்தக் கட்டு வந்திருக்காது. ஆனா நான் இப்ப இந்த வரியைப் படிச்சுட்டேன். படிக்காத மாதிரி இருக்க முடியாது. இந்தக் கேஸ்ல நான் தொடரலாமா கூடாதான்னு உள்ள பேசணும். உங்க கமிட்டியோட லாயருக்கும் நடந்ததைச் சொல்லணும்," என்றார். பிறகு, "உங்களை எடுக்க முடியாது," என்றார். அவ்வளவுதான். வெளியே வரும்போது கூடத்தில் இன்னொரு பெண் என்னைப் போலவே வெள்ளைச் சட்டையில் வாயை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு நானே சொன்னேன். எங்கள் தோட்டத்துக் கேஸ், தெரிந்தும் எழுதினேன், பின்னால் கட்டிய அறையைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிவிட்டேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கமிட்டியில் தலைகாட்ட முடியாமல் செய்துவிட்டேனே.

"அந்த ரூம்பா? அதுக்கா இப்புடி அழுவுற?" என்றார். "அது என்ன ரகசியமா? கட்டுறப்பவே கம்பெனி கிராணி வந்து பாத்துட்டு, கூர நல்லா அமைஞ்சிருக்குன்னு சொல்லிட்டுல்ல போனாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனி ஆளே வந்து பார்த்துவிட்டு, பல வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார்கள் என்றால் அது சம்மதம்தானே. எங்கள் பக்கத்துக்கு அதைவிடப் பெரிய வாதம் இருக்க முடியாது. முதலாம் ஆண்டு மாணவிகூடச் சொல்லியிருப்பாள். ஒரு மணி நேரம் அந்த அறையைப் பற்றி எழுதிய எனக்கு அது தோன்றவே இல்லை. வாதத்தைச் சொன்னேன். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, நம்ம லோயர்கிட்ட இன்னைக்கே சொல்லிருவோம்," என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். வேலை போனது அவருக்கு அப்போதைக்கு மறந்தே போனது.

ஆனால் அவர் கெட்டிக்காரர். டோலைத் தாண்டியதும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். "நம்ம தோட்டத்துக் கேஸுன்னா, உன் ஃபாரத்தப் பாத்ததும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே. நம்ம தோட்டத்துப் பேருதான் அட்ரஸ்லயே இருக்கே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்ததை இனிச் சொல்லித்தான் ஆக வேண்டும். "சித்தி வீட்டு அட்ரஸ் போட்டிருந்தேம்ப்பா."

அப்பா முன்னால் போன லோரியை முந்தினார். கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"நம்ம வீட்டுக்கு லெட்டர் லேட்டா வரும்னு போட்டியாம்மா?"

எனக்கு ஒரு வழி விட்டுக்கொடுக்கிறார் என்று புரிந்தது. தபால் லேட்டாகத்தான் வரும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பேரும் அதை நம்பிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். அவரும் அதைத்தான் விரும்பினார். வாய்வரைக்கும் வந்தது.

"இல்லப்பா," என்றேன். "சொல்ல வெக்கமா இருந்துச்சு."

புக்கிட் ரோத்தான் தாண்டி, தோட்டத்து மண் ரோட்டில் இறங்கி, வீட்டு வாசலில் கார் நிற்கும் வரை அப்பா ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினார்.