எட்டு ஐம்பதுக்கு மதுரையில்

"...காலையிலயே வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனீயளே தம்பி, இப்ப எதுக்குப் பையத் தூக்கிட்டு ஓடி வாறிய?" என்றாள் மதினி. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி, ஆபரேஷன் தியேட்டர் வாசல், பகல் ஒரு மணி.

ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். தாராவியில் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறேன். மெஷின் நின்றால் ஊசி, இல்லை பெல்ட், இல்லை மோட்டார். காரணம் இல்லாமல் எதுவும் நிற்காது, ஓடவும் ஓடாது. நீங்களும் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை, நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனும் நானும் பேசி ஆறு வருஷம். அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, அவ்வளவுதான். முந்தின நாள் மதினி போன் செய்தாள். அவனுக்கு நெஞ்சில் அடைப்பு, காலை ஒன்பதுக்கு ஆபரேஷன். "ஒங்க அண்ணன் பிடிவாதம் பிடிக்காவ. தம்பி வந்து கையெழுத்துப் போடாம உள்ள போவ மாட்டேங்காவ. தள்ளிப்போட்டா உசுருக்கு உத்தரவாதம் இல்லங்காரு டாக்டரு."

ரயில் என்றால் ஒரு நாளுக்கு மேல். பிளேன் இரண்டே மணி நேரம், ஆறுக்கு ஏறினால் எட்டுக்கு மதுரை. கணக்கு சரிதான், மழையில் பிளேன்தான் கிளம்பவில்லை.

எட்டு மணிக்கு, நான் பம்பாய் ஏர்போர்ட்டிலேயே உட்கார்ந்திருக்கும்போது, மதினி கூப்பிட்டாள். பம்பாய்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு, வாஷியில் நின்றுகொண்டே "குர்லா வந்துட்டேன்" என்போம், கேட்கிறவனும் அரை மணி கூட்டிக்கொள்வான். அந்த வாய்தான், "இறங்கிட்டேன் மதினி, ஆட்டோல வந்துட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டது. ஊரில் யாரும் அரை மணி கூட்டிக்கொள்ள மாட்டார்கள் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஏசி குளிரில் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே போயிருண்ணே, உள்ளே போயிரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். சத்தியமாகத் தூங்கவில்லை; பக்கத்தில் இருந்த செம்பூர் மாமி இரண்டு தடவை மணி கேட்டாள், பதில் சொன்னேன்.

பிளேன் பத்துக்குக் கிளம்பிப் பன்னிரண்டுக்கு இறங்கியது.

"நான் இப்பதான் வாறேன் மதினி" என்று பிளேன் டிக்கெட்டை நீட்டினேன். அவள் நர்ஸிடம் கேட்டு ஃபாரத்தை வாங்கிக் காட்டினாள். நேரம் எட்டு ஐம்பது. கீழே என் பெயர், இந்தியில். நான் சின்ன வயதிலேயே பம்பாய்க்கு வந்து இந்திப் பள்ளியில் படித்தவன், தமிழ் பிறகு நானாகக் கற்றுக்கொண்டது, கையெழுத்து மட்டும் இன்னும் இந்தியில்தான் வரும். இந்தி எழுத்துகளின் தலைக்கு மேல் இழுக்கும் கோட்டைக் கடைசியில் நீட்டி மடக்குகிற என் பழக்கம் வரை அப்படியே இருந்தது. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இந்தியில் ஓரெழுத்து தெரியாது.

"அண்ணன் என்ன சொன்னான்?"

"'கை ஏம்ல இப்பிடிக் குளுந்து கெடக்கு'ன்னு கேட்டாவ. நீங்க சிரிச்சீய. அவுகளும் சிரிச்சிட்டே உள்ள போயிட்டாவ."

அண்ணன் பிழைத்துக்கொண்டான், வாரம் ஒரு தடவை போன் செய்கிறான். அந்தக் காலையைப் பற்றி மட்டும் அவனும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

ஆனால் இன்றைக்கும் என்னை விடாமல் இருப்பது, அந்த வாசலில் மதினி அடுத்துச் செய்ததுதான். டிக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு பேர் உட்கார இடம் விட்டாள்.